விசிறி இல்லாத பெட்டி

மேசைமேல் மூன்று பெட்டிகள்.
மூன்று விவரத்தாள்களிலும்
ஒரே வாய் பேசியதுபோல் ஒரே வரி:
எந்தச் சூழலையும் தாங்கும்.

எந்தச் சூழலையும் என்பதை
இங்கே வந்து சொல் என்றேன் காகிதத்திடம்.
தியான் ஷான் மலையில் நான்காயிரத்து நூறு மீட்டர்.
பாலைச் சுத்தியலால் உடைத்துத் தேநீரில் போடுகிற ஜனவரி.
கல்லுடைக்கும் எந்திரம் தாடையை ஒருமுறை அசைத்தால்
என் கோப்பைக்குள் வட்டம் வட்டமாய் அலை.

போன வருடம் ஒன்று வாங்கினோம்.
அலுவலக மேசையில் பிறந்த பிள்ளை.
அதன் வயிற்றில் ஒரு வட்டு சுழலும்;
வட்டின்மேல் ஒரு முனை தொடாமல் பறக்கும்;
பறக்கக் காற்று வேண்டும்,
மயிரிழையினும் மெல்லிய ஒரு மெத்தையளவு.
இங்கே காற்றுக்கே அரை வயிறுதான்.
மூன்றாம் நாள் முனை தரையிறங்கியது.
பெல்ட் நின்றது, கல் நின்றது,
பிஷ்கெக்கிலிருந்து வந்த தொலைபேசி மட்டும்
நிற்கவில்லை.

ஆகவே இம்முறை ஏட்டுச் சுரைக்காயை
எடுத்து ஓரமாய் வைத்துவிட்டு,
மூன்றையும் ராத்திரி முழுக்க
வெளியே கட்டிப்போட்டேன்.
விடியும்போது மைனஸ் முப்பத்தெட்டு.
ஒவ்வொன்றாய் உயிர்கொடுத்தேன்.

முதல் பெட்டி விழித்தது,
தூக்கத்தில் உளறுகிறவன்போல்
ஒரு வரியைப் பாதியில் விட்டது.

இரண்டாவது, வேகம் என்றால் அப்படியொரு வேகம்.
ஆனால் அதற்கொரு விசிறி.
எந்திரத்தின் பக்கத்தில் வைத்தேன்;
மதியத்துக்குள் அதன் இறக்கைகளில்
மாவு மில்போல் கல்தூசி.
இல்லாத காற்றை அள்ளி அள்ளி
வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது.

மூன்றாவது கனம். பழைய செயலி.
விலா எலும்புகளாய் வெளியே துருத்திய அலுமினியத் துடுப்புகள்.
திருகி இறுக்கும் இணைப்பிகள்:
இழுத்துப் பார்த்தேன், என் தோள்தான் வலித்தது.
பெரிய மோட்டார் கிளம்பும்போது
மின்சாரம் ஒன்பது வோல்ட்டுக்குச் சரிந்தாலும்
முப்பத்தாறுக்கு எகிறினாலும்
முகம் சுளிக்கவில்லை.

கொள்முதல் பிரிவின் எல்தியார் கேட்டார்:
இரட்டை விலை கொடுத்துப் பாதி வேகமா?

கல்லுடைக்க எவ்வளவு கணக்குத் தெரிய வேண்டும், எல்தியார்?
வாயைத் திற. மூடு.
தாங்கி சூடாகிறதா என்று பார்.
அவ்வளவுதான் சொல்ல வேண்டும்,
ஆனால் எல்லா நாளும் சொல்ல வேண்டும்.

வாங்கினோம்.

பிப்ரவரியில் அது மூன்று இரவு தடுமாறியது.
சாகவில்லை; மூச்சு வாங்கியது.
பதிவேட்டைத் திறந்தால் தொண்ணூற்றொரு டிகிரி.
சன்னலில் பனிப்பூ,
பெட்டிக்குள் காய்ச்சல்.
எதைத் தேடுவதென்று தெரியாமல்
நாலாம் இரவு நானே போய் நின்றேன்.

துடுப்புகளின்மேல் வரிசையாய்
நான்கு ஜோடிக் கையுறைகள்.
ஒற்றைச் சாக்ஸ் ஒன்று.

இரவுப் பணியில் ஜிபார்.
சிரிக்கவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை.
"இந்த அறையில் வெதுவெதுப்பாய் இருப்பது
இது ஒன்றுதான்" என்றாள்.

தூசிக்கு ஓர் எண் இருக்கிறது விவரத்தாளில்,
தெறிக்கும் தண்ணீருக்கு, அதிர்வுக்கு, இடிமின்னலுக்கு.
ஈரக் கம்பளிக்கு இல்லை.
வேலை முடிந்த விரல்களுக்கு இல்லை.

புதிய படிவத்தில் எழுதினேன்:
அதே பெட்டி, இன்னும் இரண்டு.
மேலே எதுவும் வைக்க முடியாதபடி சாய்வான தகரக் கூரை.
பக்கத்தில் ஒரு சின்ன ஹீட்டர், உலர்த்தக் கம்பி, கொக்கிகள் பன்னிரண்டு.

கடைசி வரியைச் சிவப்பால் வட்டமிட்டு
எல்தியார் கேட்டிருக்கிறார்:
இது கணினியின் பாகமா?

ஆம் என்று எழுதி அனுப்பி
இரண்டு வாரமாகிறது.
கையுறைகள் அதுவரை
என் நாற்காலி முதுகில் காய்கின்றன,
காயாமல்.